கருப்பு மருதாணி போட்ட இடுப்பு முடியில் பிளாட்டினம் பிளாண்ட் வருமா?

கேள்வி கேட்டவர் மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், வயது 25, இடுப்புவரை கருப்பு முடி. கல்லூரியில் படித்த மூன்று வருடமும் மாதம் ஒருமுறை பாக்கெட்டில் வரும் கருப்பு மருதாணி போட்டிருக்கிறார், நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகிறது. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல், சீயக்காய், வீட்டில் போர் தண்ணீர். பிளாட்டினம் பிளாண்ட், அதாவது வெள்ளி போல வெளுத்த முடி நிறம், செய்ய வேண்டும், வீட்டிலேயே செய்யலாமா அக்கா, முடி கொட்டிவிடுமா, எத்தனை நாள் நிற்கும், எவ்வளவு செலவாகும் என்று கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். வரும். நம் ஊர் கருமுடியிலும் வரும், நம் மாநிறத்துக்கும் அது எடுப்பாகத்தான் இருக்கும், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் உங்களுக்கு இடுப்புவரை வராது, இந்த மாதமே வராது, வீட்டில் தனியாக உட்கார்ந்து செய்தால் நன்றாக வராது. கும்பகோணத்தில் பதினான்கு வருடமாக முடிக்குக் கலர் செய்வதுதான் என் வேலை, அதில் மூன்று வருடம் என் தலையே பிளாட்டினமாக இருந்தது, இதே வெயில், இதே தண்ணீர். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுமையாகப் படியுங்கள்.

கடையில் பெட்டியின் மேல் வெள்ளைமுடிப் பெண் படத்தைப் பார்த்து வாங்கிப் பூசினால் நம் முடியில் ஒன்றும் தெரியாது, வெயிலில் நின்றால் லேசாகச் செம்பட்டை அடிக்கும், அவ்வளவுதான். பிளாட்டினம் வர வேண்டுமென்றால் முடிக்குள் இருக்கும் கருப்பை வெளியே எடுக்க வேண்டும். அந்தக் கருப்பு மெலனின், அது முடியின் உள்சதையில் இருக்கிறது. ப்ளீச் பவுடரில் இருக்கும் பெர்சல்பேட் உப்புகளும் அதோடு கலக்கும் டெவலப்பர் என்ற திரவத்தில் இருக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்து முடியின் மேல்தோலைத் திறந்துகொண்டு உள்ளே போய் அந்த மெலனினை உடைக்கின்றன. கருப்பும் பழுப்பும் தரும் மெலனின் முதலில் உடையும், சிவப்பும் மஞ்சளும் தரும் வகை கடைசிவரை பிடிவாதமாக நிற்கும். அதனால்தான் கருமுடி நேராக வெள்ளைக்குப் போகாது. முதலில் செம்பழுப்பு, அப்புறம் செங்கல் நிறம், ஆரஞ்சு, பொன் மஞ்சள், எலுமிச்சை மஞ்சள், கடைசியில்தான் வெளிர் மஞ்சள். எங்கள் தொழிலில் 1 முதல் 10 வரை எண் வைத்துச் சொல்வோம். உங்கள் முடி 1 அல்லது 2. பிளாட்டினத்துக்கு 10 வேண்டும். பத்து எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டுமா, ஒரு பூவன் பழத்தை உரித்து தோலின் உள்பக்கத்தைப் பாருங்கள், அந்த நிறம்தான் பத்து.

இவ்வளவு தூரம் போவதற்கு முடி ஒரு விலை கொடுக்கிறது. ஓட்டு வீட்டில் ஓடு ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கிற மாதிரிதான் முடியின் மேல்தோலும் அடுக்கடுக்காக இருக்கும். ப்ளீச் அந்த ஓடுகளைத் தூக்கிவிடும், சில ஓடு உடைந்தே போகும். உள்ளே முடிக்கு வலு கொடுக்கும் கந்தகப் பிணைப்புகளிலும் ஒரு பகுதி அறுந்துவிடும். ஓடு சரிந்த வீட்டில் மழை இறங்குவது போல அதற்கப்புறம் தண்ணீர், எண்ணெய், மஞ்சள், இரும்பு எது பட்டாலும் உள்ளே இறங்கி உட்கார்ந்துகொள்ளும். பின்னால் நான் சொல்லப்போகிற பராமரிப்பு எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

இப்போது உங்கள் முடிக்கு வருவோம். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டரிலிருந்து ஒன்றேகால் சென்டிமீட்டர் வளரும். இடுப்புவரை என்றால் 75 சென்டிமீட்டராவது இருக்கும். அப்படியென்றால் உங்கள் முடியின் நுனி ஐந்து, ஆறு வருடப் பழசு. நீங்கள் கருப்பு மருதாணி போட ஆரம்பிப்பதற்கு முன்பே தலையிலிருந்து வெளியே வந்த முடி அது, அத்தனை வருட வெயில், சீப்பு, இறுக்கிப் பின்னிய ஜடை எல்லாம் அதில் இருக்கிறது. அடுத்தது மருதாணி. நிறுத்தி 18 மாதம் ஆகிறது, ஆகவே வேரிலிருந்து 20 சென்டிமீட்டர் வரைதான் சுத்தமான முடி, தோராயமாகத் தாடை வரை. அதற்குக் கீழே இருப்பது முழுக்க மருதாணி ஏறிய முடி. மூன்று வருடம் மாதம் ஒருமுறை வேரிலிருந்து நுனிவரை பூசியிருந்தால் நுனியில் முப்பது தடவைக்கு மேல் ஏறியிருக்கும். மருதாணியை நிறுத்திவிட்டோம், அதனால் போய்விட்டது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். தலையில் பூசியது தானாகப் போகாது தங்கச்சி, வளர்ந்து கீழே இறங்கும், வெட்டினால்தான் போகும்.

வீட்டு வாசலில் பறித்து அரைத்த பச்சை மருதாணி என்றால் நான் இவ்வளவு பயப்பட மாட்டேன். அதன் நிறம் முடியோடு கெட்டியாகப் பிடித்துக்கொண்டு ஆரஞ்சிலேயே நின்று தொல்லை கொடுக்கும், அவ்வளவுதான். அவுரி கலந்ததென்றால் ப்ளீச் போட்டதும் பச்சை அடிக்கும். பாக்கெட் கருப்பு மருதாணி வேறு ரகம். அதில் கருப்பு வருவதற்கு பெரும்பாலும் பிபிடி என்ற சாயம் சேர்த்திருப்பார்கள், முடியைக் கருப்பாக்கும் சில பொடிகளில் உலோக உப்புகளும் இருக்கும். உலோக உப்பு ஏறிய முடியில் பெராக்சைடு பட்டால் சூடு கிளம்பும்.

இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்னால் திருவாரூர் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தார், கலரே போட்டதில்லை என்றார், மருதாணியைக் கலராக அவர் நினைக்கவில்லை. காதுக்குப் பின்னாலிருந்து ஒரு கொத்து வெட்டி பிளாஸ்டிக் கிண்ணத்தில் ப்ளீச் கலவைக்குள் அழுத்தி வைத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, கலவை நுரைத்து மேலே வந்தது, கிண்ணத்தின் அடியில் விரல் வைத்தால் டீ கிளாஸ் மாதிரி சுட்டது. முடியை எடுத்தால் நடுவில் பஞ்சு போலப் பிரிந்து கையோடு வந்தது. அது அவர் தலையில் ஃபாயிலுக்குள் நடந்திருந்தால் தோல் வெந்திருக்கும். அன்றிலிருந்து என் கடையில் யார் வந்து என்ன சொன்னாலும் கொத்து வெட்டிப் பார்க்காமல் கிண்ணத்தைக் கையில் எடுப்பதில்லை.

ஆகவே உங்களுக்கு இரண்டு வழி. ஒன்று, தாடை அளவுக்கு இப்போதே வெட்டிக்கொண்டு சுத்தமான முடியில் ஆரம்பிப்பது. இன்னொன்று, இன்னும் எட்டு, பத்து மாதம் காத்திருந்து தோள் அளவுக்குச் சுத்தமான முடி வளர்ந்ததும் அங்கே வெட்டிவிட்டு ஆரம்பிப்பது. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். தோள் அளவு முடியைக் கட்டலாம், பின்னலாம், ஊரில் விசேஷம் என்றால் பூ வைக்கலாம், மூன்றாவது மாதம் அலுத்துப்போய் அழுகை வராது. இடுப்புவரை பிளாட்டினம் என்று செல்போனில் பார்ப்பதெல்லாம் பெரும்பாலும் ஒட்டுமுடி, அதை நம்பி ஆசைப்படாதீர்கள். வெட்டிய ஜடையைத் தூக்கிப் போட்டுவிடாமல் பத்திரமாக வையுங்கள், மருதாணி ஏறிய உங்கள் முடி எப்படி நடந்துகொள்ளும் என்று சோதித்துப் பார்க்க அதைவிட நல்ல சாமான் கிடையாது.

சோதனையை இப்படிச் செய்யுங்கள். இருபது, முப்பது முடி சேர்ந்த கொத்தாக, வெள்ளை நூலில் கட்டி, வேர்ப்பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, நுனியில் ஒன்று என்று மூன்று கொத்து எடுங்கள். ப்ளீச் பவுடர் ஒரு பங்கு, 20 வால்யூம் (6 சதவீத பெராக்சைடு) டெவலப்பர் இரண்டு பங்கு, கெட்டித் தயிர் பதத்துக்குக் கலக்க வேண்டும். பிளாஸ்டிக் கிண்ணம்தான், எவர்சில்வர் கிண்ணமும் கரண்டியும் கிட்டே வரக்கூடாது. கொத்து மூழ்கும்படி வைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பாருங்கள். நுரை பொங்குகிறதா, சூடு வருகிறதா என்று தொட்டுப் பாருங்கள், வந்தால் அந்தப் பகுதி முடி பிளாட்டினத்துக்கு ஆகாது, பேச்சே இல்லை. வராவிட்டால் முப்பது, நாற்பது நிமிடத்தில் கழுவிவிட்டு ஈரத்தோடு இரண்டு விரலால் இழுங்கள். லேசாக நீண்டு திரும்பி வந்தால் நல்ல முடி. ரப்பர் மாதிரி இழுபட்டுக்கொண்டே போனாலோ, நீளாமலே சட்டென்று அறுந்தாலோ அந்த முடிக்கு அதற்குமேல் தாங்காது. நிறத்தை மட்டும் காய்ந்தபின் பாருங்கள், ஈரத்தில் எல்லாம் அடர்த்தியாகத்தான் தெரியும்.

வீட்டிலேயே செய்யலாமா என்றால், தம்பிமார் முடியை ஒரு அங்குல நீளத்துக்கு வெட்டிக்கொண்டு வந்து கேட்டால் சரி, யாராவது ஒருவர் உதவியோடு செய்துகொள் என்று சொல்லிவிடுவேன். தோள் அளவு முடியில் சொல்ல மாட்டேன். பின்மண்டையை நாமே பார்க்க முடியாது, அரை சென்டிமீட்டர் வகிடு வகிடாகப் பிரித்துப் பூச வேண்டும், முதலில் பூசிய இடத்துக்கும் கடைசியில் பூசிய இடத்துக்கும் முக்கால் மணி நேரம் வித்தியாசம் விழுந்துவிடும். பார்லர் என்றால் எதிலும் போய் உட்காராதீர்கள். போர்டில் கலரிங் என்று எழுதியிருந்தால் போதாது, அவர்கள் கருமுடியில் செய்த பிளாட்டினத்தின் படத்தைக் கேளுங்கள், செய்து ஒரு மாதம் கழித்து எடுத்த படத்தைக் கேளுங்கள். ஒரே நாளில் முடித்துத் தருகிறோம் என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். 40 வால்யூமைத் தோல் ஒட்டப் பூசுகிறேன் என்பவரிடமும் அதேதான். 40 என்பது 12 சதவீத பெராக்சைடு, 20 என்பது 6 சதவீதம். மெதுவாகப் போனாலும் 20-லேயே போவதுதான் முடிக்கும் தோலுக்கும் நல்லது.

செய்கிற நாளுக்கு முன் இரண்டு நாள் தலை குளிக்காதீர்கள், தோலில் ஊறும் எண்ணெய்ப் பிசுக்கு எரிச்சலைக் குறைக்கும். சொறியாதீர்கள், கீறல் இருந்தால் தீயாக எரியும். முதல் நாள் இரவு தேங்காய் எண்ணெய் மெல்லிசாகத் தடவிக்கொண்டால் நல்லது, ப்ளீச் அதைத் தாண்டி வேலை செய்துவிடும். தேங்காய் எண்ணெய்க்கு ஒரு குணம், அது முடிக்குள் இறங்கிப் புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது, 2003-ல் வெளியான ஓர் ஆய்வில் மினரல் எண்ணெயோடும் சூரியகாந்தி எண்ணெயோடும் ஒப்பிட்டுப் பார்த்தபோது தேங்காய் எண்ணெய்தான் அதைச் செய்தது. நம் பாட்டிமார் சொன்னதில் இது அப்படியே நிற்கிறது.

பூசும் வரிசை முக்கியம். நடுமுடியும் நுனியும் முதலில், தோல் ஒட்டிய இரண்டு சென்டிமீட்டர் கடைசியில். தலையின் சூட்டில் வேர்ப்பக்கம் சீக்கிரம் வெளுக்கும், எல்லாவற்றையும் ஒன்றாகப் பூசினால் வேர் வெள்ளையாகவும் கீழே ஆரஞ்சாகவும் இரண்டு நிறமாக நிற்கும். அப்புறம், ஃபேனை நிறுத்திவிட வேண்டும். இது நம் ஊருக்கே உரிய தொல்லை, சித்திரை வைகாசியில் யாருக்குத்தான் ஃபேனை நிறுத்த மனசு வரும், ஆனால் காற்றில் கலவை காய்ந்துபோனால் அந்த இடத்தில் வேலை நின்றுவிடும், திட்டுத்திட்டாக வரும். ஃபாயிலோ பிளாஸ்டிக் தாளோ போட்டு மூடி ஈரமாகவே வைக்க வேண்டும். பாகு பதம் பார்ப்பது போல ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு இடத்தில் துடைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தைத் தாண்டி வைத்தால் நிறம் கூடாது, முடிதான் வேகும். நான் செய்வது அக்கினி நட்சத்திரம் முடிந்த பிறகுதான்.

முதல் தடவை உங்கள் முடி ஆரஞ்சில்தான் நிற்கும். பயப்படாதீர்கள், அப்படித்தான் நிற்க வேண்டும். அதன்மேல் பழுப்பு டோனர், அதாவது வெளுத்த முடியின் சாயலை மாற்றும் லேசான சாயம், அடித்துவிட்டால் கேரமல் நிறத்தில் பார்க்க அழகாகவே இருக்கும், அதோடு குறைந்தது மூன்று வாரம், முடிந்தால் ஆறு வாரம் விடுங்கள். இரண்டாவது தடவை மஞ்சள், மூன்றாவது தடவை அந்தப் பூவன் தோல். நான்கு தடவை ஆன முடியும் உண்டு. 2014-ல் ஓலாபிளெக்ஸ் வந்த பிறகு ப்ளீச்சோடு கலக்கும் இந்தப் பிணைப்பு மருந்துகள் நிறைய வந்துவிட்டன, நானும் போடுகிறேன், சேதம் குறைகிறது. ஆனால் அதைப் போட்டுவிட்டோம் என்று தைரியமாக இரண்டு மடங்கு நேரம் வைக்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது. ஏற்கெனவே அறுந்துகொண்டிருக்கும் முடியை எந்த மருந்தும் காப்பாற்றாது.

பத்துக்கு வந்தபின்தான் பிளாட்டினத்துக்கான டோனர். மஞ்சளுக்கு எதிர் நிறம் ஊதா, ஆரஞ்சுக்கு எதிர் நீலம். வெளிர் மஞ்சளின் மேல் ஊதா டோனர் பட்டால் இரண்டும் ஒன்றையொன்று அமுக்கி வெள்ளை தெரியும், பாட்டி வெள்ளை வேட்டிக்கு நீலம் போட்ட அதே கணக்கு. முடி இன்னும் மாம்பழ மஞ்சளில் இருக்கும்போது டோனரை அள்ளிப் பூசினால் பிளாட்டினம் வராது, சேற்றுச் சாம்பல் நிறம்தான் வரும். டோனருக்குக் குறைந்த வால்யூம் போதும், கண் எடுக்காமல் பாருங்கள், வெளுத்த முடி அதை மடமடவென்று குடிக்கும், கொஞ்சம் அசந்தால் கத்தரிப்பூ நிறம்.

சரி, வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எத்தனை நாள் நிற்கும் என்று கேட்டீர்கள். வெளுத்தது வெளுத்ததுதான், அது போகாது. டோனர் நான்கிலிருந்து ஆறு வாரத்தில் கழுவிப்போய் மஞ்சள் எட்டிப் பார்க்கும், அதற்குள் வேரில் ஒரு விரல்கடை கருப்பு வந்துவிடும். ஐந்து, ஆறு வாரத்துக்கு ஒருமுறை வேரை மட்டும் வெளுத்து டோனர் போட வேண்டும், வருடத்துக்கு ஒன்பது, பத்து தடவை. செலவைக் கேட்டீர்களே, கடைக்குக் கடை ரூபாய் மாறும், முதல் நாள் பில்லை மட்டும் பார்க்காமல் இந்த ஒன்பது, பத்து தடவையையும் அதோடு கூட்டிப் பாருங்கள். அந்தப் பணமும் அந்த நாட்களும் உங்களிடம் இருக்கிறதா என்பதுதான் உண்மையான கணக்கு. எட்டு வாரத்துக்கு மேல் தள்ளிப்போட்டால் வளர்ந்த முடி தலையின் சூட்டைத் தாண்டிப் போய்விடும், ஒரே சீராக வெளுக்காது, நடுவில் ஆரஞ்சுப் பட்டை விழும்.

இதில் என் தலையிலேயே பட்டேன். இரண்டாவது வருடம், தீபாவளி நெரிசலில் பத்து வாரம் விட்டுவிட்டு ராத்திரி கடையை மூடியபின் நானே கண்ணாடி பார்த்துப் பூசிக்கொண்டேன், கை அயர்ந்துபோய் ஏற்கெனவே வெளுத்த முடியின் மேலும் கலவை ஏறிவிட்டது. கழுவும்போது தெரியவில்லை. மறுநாள் காலை சீப்பு வைத்ததும் உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு முடி இரண்டு அங்குலம் விட்டு ஒடிந்து வந்தது, வேரோடு கொட்டவில்லை, நடுவில் ஒடிந்தது. முடி கொட்டுமா என்று கேட்டீர்களே, சரியாகச் செய்தால் ப்ளீச் வேரைக் கொல்லாது, புது முடி முளைத்துக்கொண்டுதான் இருக்கும். பயப்பட வேண்டியது இந்த ஒடிவதற்குத்தான். பத்துவரை வெளுத்துவிட்ட முடியின் மேல் மறுபடி ப்ளீச் படவே கூடாது, அந்த எல்லையில் கண்டிஷனரைக் கெட்டியாகப் பூசி வைத்துவிட்டு வேரில் வேலை செய்தால் வழிந்தாலும் தப்பிக்கலாம்.

இனி தண்ணீர். சென்னையிலும் பெங்களூரிலும் எடுத்த வீடியோவில் யாரும் இதைச் சொல்வதில்லை, நமக்கு இதுதான் பாதி சண்டை. உங்கள் குளியலறையில் வாளியின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாகப் பொருக்கு படிந்திருந்தால் சுண்ணாம்பு உப்பு, டைல்ஸில் துருப்பிடித்த மாதிரிப் பழுப்பு வழிந்திருந்தால் இரும்பு. இரண்டும் அந்தத் திறந்த ஓடுகளுக்குள் போய் உட்காரும். உப்பு முடியைச் சொரசொரப்பாக்கும், இரும்பு இரண்டே வாரத்தில் பிளாட்டினத்தைப் பித்தளையாக்கிவிடும். நாகை, வேதாரண்யம் பக்கம் என்றால் நிலத்தடி நீரே உவர்ப்பு, இன்னும் மோசம். முழுக் குளியலுக்கும் நல்ல தண்ணீர் தேடி அலைய முடியாது, எனக்கும் முடியவில்லை. நான் செய்தது இதுதான்: ஷாம்பூ வரை போர் தண்ணீர், கடைசி இரண்டு மூன்று சொம்பு மட்டும் கேன் தண்ணீர் அல்லது கொள்ளிடத்திலிருந்து குழாயில் வரும் தண்ணீர். ஐப்பசி கார்த்திகையில் மழைத் தண்ணீரைச் சுத்தமான வாளியில் பிடித்து வைத்துக்கொள்வேன், முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையை. மழைத் தண்ணீரில் அலசிய அன்று முடி பட்டு நூல் மாதிரி இருக்கும், வேறெந்தக் கண்டிஷனரும் அதைத் தரவில்லை. மாதம் இரண்டு தடவை உலோகத்தை எடுக்கும் ஷாம்பூ போடுங்கள், இ.டி.டி.ஏ. சேர்த்தது என்று பின்பக்கம் இருக்கும். வேர் வெளுக்கும் நாளுக்கு முந்தின குளியலிலும் கட்டாயம் இதையே போடுங்கள், இரும்பும் செம்பும் ஏறிய முடியில் பெராக்சைடு தாறுமாறாக வேலை செய்யும். உங்கள் வீட்டில் செப்பு அண்டாவில் வெந்நீர் வைக்கிற வழக்கம் இருந்தால் அந்தத் தண்ணீர் தலைக்கு வேண்டாம், செம்பு பச்சை அடிக்கும். பம்புசெட்டில் தலையைக் கொடுத்து நிற்கும் சுகம் எனக்கும் தெரியும், கழுத்துவரை நனைத்துக்கொள்ளுங்கள், தலையை விட்டுவிடுங்கள்.

அடுத்து வெள்ளிக்கிழமை. சீயக்காயை விட்டுத்தான் ஆக வேண்டும், அதன் பழுப்பு அப்படியே ஏறும், ஒரே குளியலில் டீ வடித்த நிறம். அரப்பும் அப்படித்தான். நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், மூலிகை போட்டுக் காய்ச்சிய பச்சை, சிவப்பு எண்ணெய்கள் எல்லாம் மஞ்சளாகவோ பச்சையாகவோ நிற்கும். எண்ணெயே கூடாது என்று சொல்லவில்லை, சுத்தமான, நிறமில்லாத தேங்காய் எண்ணெயைக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் நுனிவரை தடவுங்கள், அது வெளுத்த முடிக்கு உயிர் மாதிரி. முகத்துக்கு மஞ்சள் பூசுகிறீர்கள் என்றால் நெற்றியோர முடியில் முதலில் கொஞ்சம் கண்டிஷனர் தடவிக்கொண்டு பூசுங்கள். ஆடிப்பெருக்கு, கல்யாணம், நலங்கு என்று யாராவது அன்போடு தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டால் பதறாதீர்கள், அன்றே ஷாம்பூ போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் வெயிலில் நில்லுங்கள், மஞ்சளின் நிறம் வெளிச்சத்தில் சிதைந்துவிடும், எனக்கு இரண்டு நாளில் போய்விட்டது. சாம்பிராணிப் புகையில் தலை காட்டுவதையும் நிறுத்துங்கள், புகை மஞ்சளாகப் படியும். துருப்பிடித்த ஹேர்பின் கறை மட்டும் எதற்கும் போகாது, பூ வைக்கும்போது பிளாஸ்டிக் கிளிப்பைப் பயன்படுத்துங்கள்.

தலைக்கு வாரம் இரண்டு குளியல் போதும், அதில் ஒன்றில் ஊதா ஷாம்பூ, மூன்று நிமிடம். தினமும் போட்டால் வெள்ளை வராது, மங்கலான ஊதாதான் படியும், முடியும் வறண்டுபோகும். ஒவ்வொரு தடவையும் கண்டிஷனர், வாரம் ஒருமுறை மாஸ்க். புரதம் சேர்த்த மாஸ்க்கை மாதம் ஒன்றிரண்டுக்கு மேல் போட வேண்டாம், அளவு மீறினால் முடி துடைப்பக் குச்சி மாதிரி விறைத்துக்கொள்ளும். அயர்ன் பண்ணுவதை முடிந்தவரை விடுங்கள், விடவே முடியாது என்றால் 150 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். ஸ்கூட்டியில் போகும்போது துப்பட்டா, வெயில் மெலனின் இல்லாத முடியை இன்னும் மஞ்சளாக்கிச் சிதைக்கும். தரங்கம்பாடி, வேளாங்கண்ணி கடற்கரைக்குப் போனால் முதலில் நல்ல தண்ணீரில் முடியை நனைத்து தேங்காய் எண்ணெய் தடவிக் கொண்டை போட்டுக்கொண்டு இறங்குங்கள், ஏற்கெனவே தண்ணீர் குடித்த முடி கடல்நீரை அவ்வளவாகக் குடிக்காது.

மழைக்காலம் தனிப் பாடு. வெளுத்த முடி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு ஊதி நிற்கும், காயவே காயாது. ஈரத்தோடு கொண்டை போடாதீர்கள், ஈரத்தோடு படுக்காதீர்கள், முடி ஈரமாக இருக்கும்போதுதான் மிகவும் பலவீனம். பழைய காட்டன் துண்டால் ஒற்றி எடுத்து, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிக்கெடுத்து, தளர்வாகப் பின்னிவிட்டால் போதும்.

ஒரு விஷயத்தை நான் விட்டுவிடக் கூடாது. கருப்பு மருதாணி போட்ட காலத்தில் நெற்றியில் அரிப்பு, காது ஓரம் வீக்கம் வந்ததா என்று யோசித்துப் பாருங்கள். வந்திருந்தால் பிபிடி உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, டோனர், கலர் எதுவானாலும் தோல் மருத்துவரிடம் கேட்காமல் தொடாதீர்கள். வராவிட்டாலும் போடப்போகும் டோனரை 48 மணி நேரத்துக்கு முன்னால் காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பார்த்துவிடுங்கள். ஆஸ்துமா இருந்தால் ப்ளீச் பவுடரின் தூசியே மூச்சைப் பிடிக்கும், கலக்கும்போது அந்த அறையில் இருக்காதீர்கள். பொடுகு புண்ணாகியிருந்தால் அது ஆறும்வரை எதுவும் வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் என்னிடம் வந்த எல்லோரும் ஒருநாள் கேட்டார்கள். அலுத்துவிட்டால், அல்லது கல்யாணம் பேசி அம்மா வேண்டாமென்றால், எப்படித் திரும்புவது. நேராகக் கருப்பு டையை எடுத்துப் பூசிவிடாதீர்கள். வெளுத்த முடிக்குள் சிவப்பும் பொன்னும் இல்லை, அதன்மேல் பூசும் பழுப்பு பச்சைச் சேறாகத் தெரியும், கருப்பு நாலு குளியலில் திட்டாகக் கழன்றுவிடும். முதலில் செம்பொன் நிறத்தை நிரப்பி, அதன்மேல் ஆழ்ந்த பழுப்பு போட்டு, ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை போட்டால் இயல்பாகப் படியும். முகூர்த்தத்துக்கு இரண்டு மாதம் முன்னாலாவது ஆரம்பியுங்கள். சில பெண்கள் வேளாங்கண்ணிக்கோ வைத்தீஸ்வரன் கோயிலுக்கோ வேண்டுதல் வைத்திருந்து, மொட்டைக்கு முந்தின ஒரு வருடத்தைத் தேர்ந்தெடுத்துப் பிளாட்டினம் செய்துகொண்டு போவார்கள். அவர்களுக்கு நான் வேர் வெளுக்கும் கடைசித் தடவையை மொட்டைக்கு ஒரு மாதம் முன்பே நிறுத்திவிடுவேன், சவரக் கத்தி படும் தோல் ஆறியிருக்க வேண்டும் என்பதற்காக.